துடிப்பு வந்த கரு சிசேரியன் தழும்பில் தங்கினால்

கேள்வி:

மதிப்பிற்குரிய டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு 29 வயது. ஆறு வயதிலும் மூன்று வயதிலும் இரண்டு பெண் குழந்தைகள். இரண்டுமே சிசேரியன். இந்த மாதம் நாள் தள்ளிப்போனது. வீட்டில் பரிசோதித்தபோது இரண்டு கோடு வந்தது. லேசாக இரத்தக் கசிவு இருந்ததால் ஸ்கேன் எடுத்தோம். ஆறரை வாரம், இதயத்துடிப்பு இருக்கிறது, ஆனால் கரு சிசேரியன் தழும்பில் தங்கியிருக்கிறது, ‘ஸ்கார் எக்டோபிக்’ என்று சொல்லி, உடனே மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகும்படி எங்கள் ஊர் டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். எனக்கோ வலியே இல்லை. “கர்ப்பப்பைக்குள்தானே இருக்கிறது, வளர வளர மேலே ஏறிவிடும். துடிப்பு வந்த பிறகு கலைப்பது பாவம். இந்த முறை பையனாக இருந்தால் என்ன செய்வாய்?” என்கிறார் மாமியார். கணவர் யார் பக்கமும் பேச முடியாமல் தவிக்கிறார். மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டால் தானாக வந்துவிடும் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. கருக்குழாயில் கர்ப்பம் தங்கி என் சித்தி மகளுக்கு அறுவை சிகிச்சை நடந்தது, அது தெரியும். இப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதே இல்லை. இது ஏன் எனக்கு வந்தது? கருவை இடம் மாற்றி வைக்க முடியாதா? கர்ப்பப்பையை எடுத்துவிடுவார்களா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தில் தொலைபேசி எண்ணும் எழுதியிருந்தீர்கள். எழுதிப் பதில் போட்டுக்கொண்டிருக்க நேரமில்லாத விஷயம் என்பதால் அன்று மாலையே உங்களிடம் பேசிவிட்டேன். மறுநாள் காலை கிளம்புவதாகச் சொன்னீர்கள். அந்த அவசரத்தில் சொல்ல முடியாமல் போனவற்றை உங்கள் சம்மதத்தோடு இங்கே எழுதுகிறேன். இது உங்களுக்கு மட்டுமான பதில் அல்ல. 2019–21இல் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 விழுக்காடு சிசேரியன். அதற்கு முந்தைய ஆய்வில் அது 34.1 விழுக்காடு. தழும்போடு அடுத்த கர்ப்பத்தை எதிர்கொள்ளும் பெண்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு இப்படி ஒன்று உண்டு என்றே யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

முதலில் உங்கள் ஊர் டாக்டரைப் பற்றி. ஆறரை வாரத்திலேயே இதைச் சரியாகக் கண்டுபிடித்து, தன்னிடம் வைத்துக்கொள்ளாமல், உடனே பெரிய மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். இந்த நோயில் ஒரு பெண்ணுக்குக் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய உதவி அதுதான். அவர் உங்களைப் பயமுறுத்தவில்லை. தட்டிக் கழிக்கவும் இல்லை.

உங்கள் மாமியாரின் வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. கரு கர்ப்பப்பையில்தான் இருக்கிறது. ஆனால் அது தங்கவேண்டிய அறையில் இல்லை. அந்த அறையின் சுவரில் இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் கர்ப்பப்பையின் உள்ளே மெத்தென்று ஒரு படலம் வளர்கிறது. கரு அதில்தான் பதிய வேண்டும். நஞ்சுக்கொடியின் வேர்கள் எவ்வளவு ஆழம் போகலாம் என்பதற்கு அந்தப் படலம்தான் எல்லை போடுகிறது. சிசேரியனில் கீறித் தைத்த இடம் ஆறும்போது, சிலருக்கு அங்கே தசை முழுமையாகச் சேராமல் நாராகவும், உட்புறம் ஒரு சிறு பள்ளமாகவும் நின்றுவிடுகிறது. அந்தப் பள்ளத்தில் கரு பதிந்தால் எல்லை போட ஆளில்லை. பழைய சுவரின் வெடிப்பில் விழுந்த அரசம் விதை போல, வேர் கிடைத்த பக்கமெல்லாம் ஊன்றிக்கொண்டு போகும். அந்தச் சுவருக்கு அடுத்த பக்கம் ஒட்டினாற்போல் இருப்பது சிறுநீர்ப்பை.

உங்கள் ஸ்கேன் அறிக்கையை எனக்குப் படித்துக் காட்டினீர்கள். அதில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் பொருள் உண்டு. பிறப்புறுப்பு வழியாக உள் ஸ்கேன் எடுக்கும்போது முதலில் கர்ப்பப்பையின் மேல் அறையைப் பார்ப்போம். உங்களுக்கு அது காலியாக இருந்திருக்கிறது. அடுத்து கர்ப்பப்பை வாய், அதுவும் காலி. இரண்டுக்கும் நடுவில், முன்பக்கச் சுவரில், பழைய கீறல் இருக்கும் இடத்தில் கருவைச் சுற்றியுள்ள பை முட்டை வடிவில் உட்கார்ந்திருக்கிறது, உள்ளே துடிப்பு. அதற்கு முன்னால் திரையில் கறுப்பாகத் தெரிவது சிறுநீர்ப்பை. கருவுக்கும் அந்தக் கறுப்புக்கும் இடையே எவ்வளவு தசை மிச்சம் இருக்கிறது என்பதைத்தான் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அளப்போம். உங்களுக்கு 2 மில்லிமீட்டர். பிறகு டாப்ளர் போட்டால், அந்த இடத்தைச் சுற்றி நிறம் நிறமாக இரத்த ஓட்டம் தெரியும். சில சமயம், கலைந்துபோன கரு வெளியேறும் வழியில் இதே இடத்தில் வந்து நிற்பதுண்டு. அதற்குத் துடிப்பு இருக்காது, சுற்றிலும் இரத்த ஓட்டம் இருக்காது, ஸ்கேன் கருவியால் மெல்ல அழுத்தினால் நகரும். உங்களுக்கு மூன்றுமே அப்படி இல்லை. ஆகவே அறிக்கையில் சந்தேகப்பட எதுவும் இல்லை. பெரிய மருத்துவமனையிலும் ஒருமுறை ஸ்கேன் எடுப்பார்கள். அது சிகிச்சையைத் திட்டமிடுவதற்கு.

வலி இல்லை என்பதை வைத்து ஆறுதல் கொள்ளாதீர்கள். இந்த வகைக் கர்ப்பத்தில் கணிசமான பெண்களுக்கு எந்தத் தொந்தரவும் இருப்பதில்லை. மற்றவர்களுக்குப் பெரும்பாலும் உங்களுக்கு வந்ததைப் போல வலியில்லாத கசிவுதான். வலி வரும்வரை காத்திருந்தால், அது தசை கிழியும் வலியாக இருக்கக்கூடும்.

இடம் மாற்றி வைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியாது. பதிந்துவிட்ட கருவைப் பெயர்த்து வேறிடத்தில் பதிய வைக்கும் வழி இன்று உலகில் எந்த மருத்துவமனையிலும் இல்லை. அது தானாக மேலே ஏறுவதும் இல்லை. வளர்கிறபோது சில கர்ப்பங்கள் உள் அறைப் பக்கமாக விரியும், சில சிறுநீர்ப்பைப் பக்கமாக விரியும். உள் அறைப் பக்கம் விரிவதைப் பார்த்துவிட்டுத்தான் ‘ஏறிவிட்டது’ என்கிறார்கள். விரிவது கருவைச் சுற்றியுள்ள பை மட்டும்தான். நஞ்சுக்கொடியின் வேர் அதே தழும்பில், அதே 2 மில்லிமீட்டர் தசையில்தான் நிற்கிறது.

துடிப்பைப் பற்றிப் பேசாமல் உங்களால் முடிவெடுக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். அதனால் மறைக்காமல் சொல்கிறேன். தழும்பில் தங்கிய கர்ப்பத்தைத் தொடர்ந்து, உயிருள்ள குழந்தையைப் பெற்ற தாய்மார்கள் உலகில் உண்டு. உங்கள் மாமியாரிடம் யாராவது அப்படி ஒரு கதை சொல்லியிருந்தால் அது பொய்யாக இருக்கவேண்டிய அவசியம் இல்லை. ஆனால் அந்தக் கதையின் மறுபாதியையும் கேட்க வேண்டும். அவர்களில் பெரும்பாலோருக்கு நஞ்சுக்கொடி கர்ப்பப்பைத் தசைக்குள்ளேயே புகுந்து ஒட்டிக்கொள்கிறது. பிரசவத்தின்போது அதைப் பிரிக்க முடியாது. பிரிக்கப் போனால் அடங்காத இரத்தப்போக்கு. ஆகவே எட்டு மாதம் நிறைவதற்கு முன்பே, 34, 35 வாரங்களில், குழந்தையை அறுவை செய்து எடுத்துக் கர்ப்பப்பையையும் அகற்றவேண்டி வருகிறது. அதுகூட அவ்வளவு தூரம் போக முடிந்தவர்களுக்கு. நாலாம் மாதத்திலோ ஐந்தாம் மாதத்திலோ கர்ப்பப்பை கிழிந்து, குழந்தையும் போய், கர்ப்பப்பையும் போய், தாயை மட்டும் மீட்டெடுக்கப் போராடுவது இன்னொரு சாத்தியம். சில நேரம் தாயும் மிஞ்சுவதில்லை. அமெரிக்காவின் தாய்–சேய் மருத்துவச் சங்கம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், துடிப்புள்ள தழும்புக் கர்ப்பத்தில் ‘பார்க்கலாம்’ என்று காத்திருக்க வேண்டாம் என்றே சொல்கிறது. எல்லாம் தெரிந்த பிறகும் ஒரு பெண் தொடரத்தான் வேண்டும் என்றால், அது அவள் உரிமை. இரத்த வங்கியும், பல துறை அறுவை நிபுணர்களும், பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சையும் ஒரே வளாகத்தில் உள்ள மருத்துவமனையில் அவளைக் கண்காணிப்போம். ஆனால் நீங்கள் என் கருத்தைக் கேட்டீர்கள். இரண்டு முறை கீறிய கர்ப்பப்பை, 2 மில்லிமீட்டர் தசை, வீட்டில் இரண்டு சிறு பெண்கள். தொடர வேண்டாம் என்பதே என் கருத்து. இந்த வாரமே முடித்துக்கொள்ளுங்கள்.

‘பையனாக இருந்தால்’ என்ற சொல்லுக்கும் பதில் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஆணா பெண்ணா என்பது தகப்பனின் விந்தணுவால் தீர்மானமாகிறது. ஆறரை வாரத்தில் அதை எந்த ஸ்கேனும் காட்டாது. காட்டும் காலத்திலும் சொல்லக்கூடாது என்பது சட்டம். அதையெல்லாம் விடுங்கள். இருக்கிற இரண்டு பேத்திகளுக்குத் தாய் வேண்டாமா என்று உங்கள் மாமியாரிடம் உங்கள் கணவர் கேட்க வேண்டும். அதை நீங்கள் கேட்கும்படி விடக்கூடாது. இதைப் படிக்கிறார் என்றால், தம்பி, இரண்டு பக்கமும் பேசாமல் இருப்பதும் ஒரு பக்கம் பேசுவதுதான். உங்கள் மனைவிக்கு இப்போது வேண்டியது வண்டியும், உடன் ஒரு ஆளும், இரத்தம் கொடுக்க முன்வரும் உறவினர் இரண்டு மூன்று பேரும்.

பாவம் என்று மனம் உறுத்துகிறது என்று தொலைபேசியில் அழுதீர்கள். அந்த அழுகையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. இது நீங்கள் வேண்டாம் என்று ஒதுக்கிய கர்ப்பம் அல்ல. வந்தபோது மகிழ்ந்த கர்ப்பம். அதற்காகத் துக்கப்படுவது இயல்பு. சிகிச்சைக்குப் பிறகும் அந்தத் துக்கம் வரும், வரட்டும். ஆனால் துக்கத்தைக் குற்றவுணர்வாக மாற்ற யாரையும் அனுமதிக்காதீர்கள்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு குழப்பம் உங்கள் பேச்சில் தெரிந்தது. மாமியார் கையெழுத்துப் போடமாட்டார், கணவர் போடத் தயங்கினால் என்ன செய்வது என்று கேட்டீர்கள். 1971ஆம் ஆண்டின் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டப்படி, 18 வயது நிரம்பிய பெண்ணுக்கு அவளுடைய சம்மதம் மட்டும் போதும். கணவரின் கையெழுத்தைச் சட்டம் கேட்கவில்லை. 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்துப் போதுமானது என்று 2021 திருத்தம் சொல்கிறது. உங்கள் விவரங்களை வெளியிடக்கூடாது என்றும் சொல்கிறது. சில இடங்களில் வழக்கம் காரணமாகக் கணவரின் கையெழுத்தைக் கேட்பார்கள். சட்டம் கேட்கவில்லை என்று மரியாதையாகச் சொல்லுங்கள்.

இப்போது பக்கத்து வீட்டு அக்காவின் மாத்திரை. இந்தக் கடிதத்தில் என்னைத் தூக்கிவாரிப் போட்டது அதுதான். கருக்கலைப்பு மாத்திரைகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது. இருந்தும் சில கடைகளில் கிடைக்கின்றன. கரு சரியான இடத்தில் இருந்தால், மாத்திரை கர்ப்பப்பையைச் சுருங்க வைத்துக் கருவை வெளியேற்றும். வெளியேறிய இடத்தில் தசை இறுகி இரத்தக் குழாய்களை அடைத்துவிடும். இரத்தம் நிற்பது அப்படித்தான். தழும்பில் இறுகத் தசை இல்லை. கரு பாதி பெயர்ந்தாலும் திறந்த குழாய்கள் திறந்தபடியே கிடக்கும். நள்ளிரவில், வீட்டில், 108 வந்து சேர்வதற்குள் எவ்வளவு இரத்தம் போகும் என்று யாரால் சொல்ல முடியும்? சிசேரியன் ஆன எந்தப் பெண்ணும் கரு எங்கே இருக்கிறது என்று ஸ்கேன் பார்க்காமல் அந்த மாத்திரையைத் தொடவே கூடாது. அந்த அக்கா நல்ல மனத்தோடுதான் சொல்லியிருப்பார். அவரிடமும் இதைச் சொல்லுங்கள்; அடுத்து யாரிடமாவது அவர் சொல்லாமல் இருக்கட்டும்.

அதே காரணத்துக்காக, ஸ்கேன் உதவி இல்லாமல் கைப்பழக்கத்தில் சுரண்டி எடுக்கும் ‘டி அண்டு சி’க்கும் சம்மதிக்காதீர்கள். இந்த வகைக் கர்ப்பத்தை மருத்துவ உலகம் பதிவு செய்துகொண்டதே அப்படி ஒரு இரத்தப்போக்கால்தான். 1978இல் தென்னாப்பிரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் இரண்டு மருத்துவர்கள் ஒரு பெண்ணைப் பற்றி எழுதினார்கள். கருக்கலைவுக்குப் பிறகு நிற்காத இரத்தப்போக்குக்குக் காரணம் தேடிப் போனபோது, பழைய கீறலில் இருந்த பள்ளத்தில் கர்ப்பம் தங்கியிருந்தது தெரியவந்தது. உள் ஸ்கேன் இல்லாத காலத்தில் இரத்தம் வந்த பிறகுதான் தெரிந்தது. உங்களுக்கு முன்பே தெரிந்துவிட்டது. அந்த முன்தகவலை வீணாக்காதீர்கள்.

மருத்துவமனையில் என்ன செய்வார்கள்? முதல் நாள் பெரும்பாலும் பரிசோதனைகள். இரத்த வகை, ஹீமோகுளோபின், கல்லீரல், சிறுநீரகம், கர்ப்பத்தில் சுரக்கும் ஹார்மோனான பீட்டா எச்சிஜியின் அளவு. உங்கள் இரத்த வகை நெகட்டிவ் என்றால் ஆன்டி-டி ஊசி உண்டு, கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். பிறகு எந்த வழி என்பதை அங்குள்ள குழு முடிவு செய்யும். இதற்கு ஒரே ஒரு சரியான வழி என்று கிடையாது. கருவின் அளவு, மிச்சமிருக்கும் தசை, அது எந்தப் பக்கம் விரிகிறது, அந்தக் குழுவின் கைத்தேர்ச்சி எல்லாம் சேர்ந்துதான் முடிவு.

கரு சிறியதாக, உள் அறைப் பக்கமாக இருந்தால், மயக்கம் கொடுத்து, வயிற்றின் மேல் ஸ்கேன் வைத்துத் திரையைப் பார்த்தபடியே, மெல்லிய குழாயால் உறிஞ்சி எடுப்பார்கள். சுரண்டும் கருவி தழும்பில் படாமல் பார்த்துக்கொள்வதுதான் இதில் முக்கியம். எடுத்தவுடன் கசிவு இருந்தால், சிறுநீர் எடுக்கப் பயன்படுத்தும் அதே ஃபோலி குழாயை உள்ளே விட்டு, அதன் நுனியில் உள்ள பலூனில் நீர் ஏற்றி, தழும்பின் மீது அழுத்தம் கொடுத்துச் சில மணி நேரம் வைப்பார்கள். பார்க்க எளிய கருவி. பல கர்ப்பப்பைகளைக் காப்பாற்றியிருக்கிறது. விழித்ததும் அந்தக் குழாயைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள்.

துடிப்பு இருப்பதால், முதலில் ஸ்கேன் வழியாக ஊசியைக் கருவைச் சுற்றியுள்ள பைக்குள்ளேயே செலுத்தி மருந்து போட்டுத் துடிப்பை நிறுத்துவதும் உண்டு. மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்துதான் பெரும்பாலும். உங்கள் சித்தி மகளுக்குக் கருக்குழாய் கர்ப்பத்தில் இதைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். அங்கே தசையில் போடும் ஊசியே பலருக்குப் போதும். தழும்புக் கர்ப்பத்தில், அதுவும் துடிப்பு இருக்கும்போது, தசையில் போடும் ஊசியை மட்டும் நம்புவதை இப்போது பரிந்துரைப்பதில்லை. உங்களுக்கு வெறும் ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள் என்றால், ஏன் என்று ஒருமுறை கேளுங்கள்.

கரு சிறுநீர்ப்பைப் பக்கம் புடைத்துக்கொண்டிருந்தால், லேப்ராஸ்கோப்பி எனும் சிறுதுளை அறுவை வழியாகவோ வயிற்றைத் திறந்தோ அந்தத் தழும்பையே வெட்டி எடுத்து, நல்ல தசையோடு நல்ல தசையைச் சேர்த்துப் புதிதாகத் தைப்பார்கள். கேட்கப் பெரிதாக இருக்கும். ஆனால் பழைய பள்ளம் சரிசெய்யப்படுவது இந்த வழியில்தான். இரத்தப்போக்கு அதிகமாகும் என்று முன்கூட்டியே தோன்றினால், கர்ப்பப்பைக்குப் போகும் இரத்தக் குழாயைத் தற்காலிகமாக அடைத்துவிட்டுச் செய்யும் வசதியும் சில மருத்துவமனைகளில் இருக்கிறது.

கர்ப்பப்பையை எடுத்துவிடுவார்களா என்ற பயத்தில்தான் நீங்கள் இரண்டு நாள் தாமதித்தீர்கள் என்று புரிந்தது. உண்மை நேர்மாறானது. இத்தனை சீக்கிரம் வருபவர்களில் பெரும்பாலோருக்குக் கர்ப்பப்பை காப்பாற்றப்படுகிறது. பத்து, பன்னிரண்டு வாரம் கடந்து, கிழிந்த நிலையில் வருபவர்களுக்குத்தான் எடுக்கவேண்டி வருகிறது. ஆனாலும் ஒப்புதல் படிவத்தில் ‘தேவைப்பட்டால் கர்ப்பப்பை அகற்றுதல்’ என்று ஒரு வரி இருக்கும். அடங்காத இரத்தப்போக்கு வந்தால் உங்கள் உயிருக்காக அதைச் செய்யும் அனுமதி அது. படித்துப் பார்த்து, கேள்வி இருந்தால் கேட்டு, கையெழுத்திடுங்கள்.

ஏன் எனக்கு வந்தது என்கிறீர்கள். நீங்கள் தண்ணீர்க் குடம் தூக்கியதாலோ, பஸ்ஸில் குலுங்கிப் போனதாலோ, எதையோ சாப்பிட்டதாலோ அல்ல. தழும்பு ஆறிய விதமும், அந்த மாதம் கரு இறங்கிய இடமும் சேர்ந்த தற்செயல். ஏறத்தாழ 2,000 கர்ப்பங்களில் ஒன்றுக்கு இப்படி ஆகிறது. ஒரே ஒரு சிசேரியன் ஆனவர்களுக்கும் வருகிறது. சிசேரியன் செய்த டாக்டர் சரியாகத் தைக்கவில்லை என்று உங்கள் உறவினர் யாரோ சொன்னதாகவும் சொன்னீர்கள். ஒருவரின் தழும்பு எப்படி ஆறும் என்பது தையலை மட்டும் பொறுத்ததல்ல.

உங்கள் சித்தி மகளுக்கு வந்ததுதான் பரவலான வகை. இடம் மாறிய கர்ப்பங்களில் 90 விழுக்காட்டுக்கு மேல் கருக்குழாயில்தான். மிச்சம் உள்ள சிறு பகுதிக்குள் பல முகங்கள். கருக்குழாய் கர்ப்பப்பைச் சுவருக்குள் நுழையும் மூலையில் தங்குவது ஒன்று. அங்கே சுற்றிலும் தசை இருப்பதால் கொஞ்ச நாள் கூடுதலாகத் தாங்கும். ஸ்கேனில் கர்ப்பப்பைக்குள் இருப்பது போலவே ஏமாற்றும். வெடித்தால், பெரிய இரத்தக் குழாய்கள் சந்திக்கும் இடம் அது என்பதால் ஆபத்து மிக அதிகம். சினைப்பையில் தங்குவது உண்டு. அதைச் சாதாரண நீர்க்கட்டியிலிருந்து பிரித்தறிவதே கடினம். கர்ப்பப்பை வாயில் தங்குவது, வயிற்றுக்குள் குடலின் மேலோ கர்ப்பப்பையின் வெளிப்புறத்திலோ தங்குவது, பிறவியிலேயே இரண்டாகப் பிரிந்த கர்ப்பப்பையின் வளர்ச்சியடையாத கொம்பில் தங்குவது எல்லாம் இன்னும் அரிது.

இவற்றில் ஒன்றைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அதன் எண்ணிக்கை மாறிவருகிறது. ஒரு கரு சரியான இடத்திலும் இன்னொன்று கருக்குழாயிலும் ஒரே சமயத்தில் தங்கும் வகை. இயற்கையாகக் கருத்தரிப்பவர்களில் 30,000இல் ஒருவருக்கு என்று பழைய பாடநூல்கள் எழுதின. சோதனைக்குழாய் முறையில் கருத்தரிப்பவர்களுக்கு அது அத்தனை அரிது அல்ல. ‘உள்ளே கரு தெரிகிறது, எல்லாம் சரி’ என்று ஸ்கேனை முடித்துவிட்டால் இரண்டாவது கரு கண்ணில் படாமலே போகும். ஐவிஎஃப் செய்துகொண்டு, ஸ்கேனும் சரியாக வந்த பிறகு, ஒரு பக்க வயிற்றுவலியோ, மயக்கமோ, தோள்பட்டை நுனியில் வலியோ வந்தால், ‘ஸ்கேன் நன்றாக இருந்ததே’ என்று வீட்டில் படுத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். தோள்பட்டையில் வலிப்பது வயிற்றுக்குள் கசிந்த இரத்தம் உதரவிதானத்தை உறுத்துவதால்.

திரும்ப உங்களிடம் வருகிறேன். சிகிச்சை முடிந்தாலும் கதை அன்றே முடியாது. பீட்டா எச்சிஜி பூஜ்யத்துக்கு இறங்கும்வரை வாரம் ஒருமுறை இரத்தப் பரிசோதனைக்குக் கூப்பிடுவார்கள். பல வாரம் ஆகலாம். இடையில் ஸ்கேனில் தழும்பு இருந்த இடத்தில் கட்டி போலச் சில மாதம் தெரியக்கூடும். எண்ணிக்கை இறங்கிக்கொண்டிருந்தால், இரத்தப்போக்கும் இல்லையென்றால், அது மெல்லக் கரையும். மெத்தோட்ரெக்சேட் போட்டிருந்தால், டாக்டர் சொல்லும்வரை ஃபோலிக் அமில மாத்திரை வேண்டாம். இரும்புச்சத்து மாத்திரை என்று கொடுப்பதில் பெரும்பாலும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்தே இருக்கும், அட்டையைப் பார்த்துக்கொள்ளுங்கள். கடையில் வாங்கும் வலி மாத்திரைகளும் அந்தக் காலத்தில் கூடாது. நல்ல வெயிலில் அதிகம் நிற்க வேண்டாம். பரிசோதனைக்குப் போகாமல் நின்றுவிடும் பெண்களை நினைத்துத்தான் எனக்குக் கவலை. வீட்டில் வேலை, பிள்ளைகளுக்குப் பள்ளி, இரத்தம் நின்றுவிட்டதே என்று விட்டுவிடுகிறார்கள். எண்ணிக்கை பூஜ்யம் என்று எழுத்தில் பார்க்கும்வரை போய்க்கொண்டே இருங்கள்.

அடுத்த குழந்தை வேண்டுமா என்பதை இப்போது யாரிடமும் பேசவேண்டாம். உடல் தேறிய பிறகு நீங்களும் கணவரும் பேசிக்கொள்ளுங்கள். போதும் என்று முடிவெடுத்தால் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை உங்களுக்கு மட்டுமே உரியதல்ல. உங்கள் கணவருக்கான வாசக்டமி இதைவிட எளிது, வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை. வேண்டும் என்று முடிவெடுத்தால், குறைந்தது ஓராண்டு இடைவெளி விடுங்கள். அதற்கு முன் தழும்பில் எவ்வளவு தசை இருக்கிறது என்று ஸ்கேன் பாருங்கள். அதுவரை நம்பகமான கருத்தடை கட்டாயம். இந்தக் கர்ப்பம் கலைந்த சில வாரங்களிலேயே மீண்டும் கருத்தரிக்க முடியும் என்பதைப் பலர் அறிவதில்லை.

அதே தழும்பில் மீண்டும் தங்கும் வாய்ப்பு உண்டு. ஆகவே இனி எப்போது நாள் தள்ளிப்போனாலும், ஆறாவது வாரத்துக்குள் உள் ஸ்கேன். மூன்றாம் மாதம் வரை காத்திருக்கக் கூடாது. டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘சிசேரியன் தழும்புக் கர்ப்பம்’ என்பதும், என்ன சிகிச்சை செய்யப்பட்டது என்பதும், உங்கள் இரத்த வகையும் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறதா என்று வார்டை விட்டுக் கிளம்பும் முன் பாருங்கள். இல்லையென்றால் எழுதச் சொல்லுங்கள். அதையும் இந்த முதல் ஸ்கேன் அறிக்கையையும் படம் எடுத்து உங்கள் கைப்பேசியிலும் கணவர் கைப்பேசியிலும் வைத்துக்கொள்ளுங்கள். அனுமதியானதும் எந்த வார்டு என்று எனக்கு ஒரு செய்தி அனுப்புங்கள்.